தழும்புக்கு எதை வாங்கலாம்? சிலிகான் ஷீட், ஜெல், பேப்பர் டேப், வெங்காய ஜெல்: தோல் செல்களின் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

மெடிக்கல் ஷாப்பில் "தழும்பு மறைய ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் நாலைந்து பொருள்கள் எதிரே வந்து விழும். சிலிகான் ஜெல் ட்யூப், சிலிகான் ஷீட், வெங்காயச் சாறு சேர்த்த ஜெல், வைட்டமின் ஈ எண்ணெய், இப்போது புதிதாக 'குரோத் ஃபேக்டர்' (செல்களை வளரத் தூண்டும் புரதம்) சீரம். அட்டையில் உள்ள வாக்குறுதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். விலையில்தான் பல மடங்கு வித்தியாசம். இவற்றை இங்கே ஒரே கேள்வியை வைத்து அளக்கிறோம்: காயம் மூடிய பிறகும் தோலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் தழும்பு மரபணுக்களை இந்தப் பொருள் எந்த வழியில் அடக்குகிறது? அந்த வழி சோதித்துப் பார்க்கப்பட்டதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சிசேரியன் போன்ற அறுவை சிகிச்சைகளின் புதுத் தழும்புக்கு சிலிகான் ஷீட் முதலிடம். முகம், கழுத்து, அதிகம் அசையும் மூட்டு ஆகியவற்றுக்கு சிலிகான் ஜெல். கையில் காசு குறைவென்றால் சாதாரண பேப்பர் டேப். பலரும் நினைப்பதைவிட அது நல்ல பொருள். வெங்காய ஜெல்லுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பலன் தெரிவதில்லை. வைட்டமின் ஈ வேண்டவே வேண்டாம். தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி வளரத் தொடங்கிவிட்டால், அதாவது கெலாய்டாகிவிட்டால், கடையில் கிடைக்கும் எதுவும் தனியாக உதவாது. தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

காரணம் புரிந்தால்தான் பொருளைச் சரியாகப் பயன்படுத்த முடியும். அதனால் முதலில் தோலுக்குள் போவோம்.

மூடிய காயத்துக்குள் நடப்பது

காயம் பட்டதும் ரத்தம் உறைகிறது. ரத்தத் தட்டணுக்கள் டிஜிஎஃப்-பீட்டா உள்ளிட்ட சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டுகின்றன. அடுத்து வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அப்புறப்படுத்துகின்றன. மூன்றாம் நான்காம் நாள் வாக்கில் உள்தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் காயத்துக்குள் நகர்ந்து, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற இழைப் புரதத்தை நெய்ய ஆரம்பிக்கின்றன. அவசரத்துக்கு கோல்3ஏ1 மரபணு வழியாக மூன்றாம் வகைக் கொலாஜன் அதிகமாகச் சேர்கிறது. பிறகு கோல்1ஏ1 வழியாக உறுதியான முதல் வகை அதன் இடத்தைப் பிடிக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட்களில் ஒரு பகுதி மயோஃபைப்ரோபிளாஸ்ட்களாக மாறும். அவற்றில் ஏசிடிஏ2 மரபணு முழு வேகத்தில் ஓடும். தசையில் உள்ளதைப் போன்ற ஆக்டின் இழைகள் உருவாகும். காயத்தின் இரு கரைகளையும் இழுத்துச் சேர்ப்பவை இந்தச் செல்கள்தான்.

வேலை முடிந்ததும் இவை தாமாகவே மடிந்துபோக வேண்டும். மடியாமல் தங்கிவிட்டால் கொலாஜன் சேர்ந்துகொண்டே போகும். தழும்பு சிவந்து, தடித்து, அரிக்கும். நல்ல தோலில் கொலாஜன் இழைகள் பல திசைகளில் பின்னிக் கிடக்கும், தழும்பில் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் எவ்வளவு நன்றாக ஆறினாலும் தழும்பின் பலம் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. இந்தச் சீரமைப்பு முடிய ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும்.

அந்தச் செல்களை மடியவிடாமல் விரட்டிக்கொண்டே இருப்பவற்றில் இரண்டை நம்மால் வீட்டிலேயே மாற்ற முடியும். ஒன்று வறட்சி, மற்றொன்று இழுவிசை.

வறட்சியை எடுத்துக்கொள்வோம். புதிதாக மூடிய தோலின் வெளி அடுக்கு முதிராத அடுக்கு. பார்க்க மூடியிருந்தாலும் அதன் வழியே நீர் ஆவியாவது மாதக்கணக்கில் அதிகமாகவே இருக்கும். நீர் போகும்போது மேல்தோலின் கெரட்டினோசைட் செல்களைச் சுற்றி சோடியம் செறிவு கூடுகிறது. அதை உணர்வது எஸ்சிஎன்7ஏ என்ற மரபணு உருவாக்கும் சோடியம் வாயில். அது தூண்டப்பட்டால் அழற்சிச் சமிக்ஞைகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. உள்தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அதைக் கேட்டுக் கொலாஜன் உற்பத்தியை முடுக்குகின்றன. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 2015-ல் முயல் காதுக் காயங்களில் இந்த வாயிலை அடக்கிப் பார்த்தது; தழும்பின் தடிப்பு குறைந்தது. அதற்கு முன் 1995-லேயே வளர்ப்புத் தட்டுகளில் ஒரு சோதனை நடந்திருந்தது. கெரட்டினோசைட்களை ஈரப்பதத்துடன் வைத்தாலே அவற்றுடன் வளரும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அடங்குகின்றன, சிலிகான் அங்கே இருந்தாக வேண்டிய அவசியமில்லை என்று அது காட்டியது. சிலிகான் தோலுக்குள் இறங்கி மருந்தாக வேலை செய்வதில்லை. ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைப்பதுதான் அதன் வேலை. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் கீழே வரும் எல்லா ஆலோசனைகளும் தானாக விளங்கும்.

அடுத்தது இழுவிசை. தோல் இழுபடும்போது ஃபைப்ரோபிளாஸ்டுக்குள் யாப் என்ற புரதம் செல்லின் கருவுக்குள் நுழைந்து தழும்பு மரபணுக்களை எழுப்புகிறது. எலியின் முதுகுத் தோலில் எங்ரெயில்டு-1 என்ற மரபணுவை ஒரு காலத்திலாவது இயக்கிய ஃபைப்ரோபிளாஸ்ட் வம்சம்தான் தழும்புக் கொலாஜனில் பெரும்பகுதியை நெய்கிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லாங்கேக்கரின் ஆய்வுக்கூடம் 2015-ல் கண்டது. அதே ஆய்வுக்கூடம் 2021-ல் இன்னொரு படி முன்னேறியது. கண் விழித்திரை நோய்க்குப் பயன்படும் வெர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்தால் யாப்பைத் தடுத்தபோது எங்ரெயில்டு-1 புதிதாக எழவில்லை. எலியின் காயம் முடிக்கால்களும் சுரப்பிகளும் கொண்ட தோலாகவே திரும்பியது. கருவிலிருக்கும் மனிதக் குழந்தையின் தோல் ஏறத்தாழ 24 வாரம் வரை தழும்பில்லாமல் ஆறுகிறது. அந்தத் திறன் முற்றாக அழிந்துவிடவில்லை, அடக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையை இந்த எலிச் சோதனை கொடுக்கிறது. உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் வேலை இது. ஆனால் தழும்புக்கான வெர்ட்டிபோர்ஃபின் க்ரீம் என்று ஒன்று கடையில் இல்லை. யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

சிலிகான் ஷீட்

1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தீக்காயத் தழும்புகளுக்கு சிலிகான் ஜெல்லைப் பயன்படுத்திய அனுபவம் வெளியானது. அழுத்தம் கொடுப்பதால் வேலை செய்கிறதா, சூட்டாலா, ஆக்சிஜனாலா என்று பிறகு அளந்து பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் நின்றது ஈரக்காப்பு. ஷீட் ஒட்டிய தோலில் நீர் ஆவியாதல் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. பாலிதீன் தாளைப்போல முழுக்க அடைத்துவிடுவதில்லை. முழுக்க அடைத்தால் தோல் ஊறி வெளுத்துப் பிய்ந்துவிடும். அந்த நடு அளவுதான் சிலிகானின் சிறப்பு. கூடவே ஷீட்டின் பருமன் தழும்பின் விளிம்பில் விழும் இழுவிசையைத் தன் விளிம்புக்கு மாற்றிக்கொள்கிறது. ஆக வறட்சி, இழுவிசை இரண்டையுமே ஓரளவு கவனிக்கும் பொருள் இது ஒன்றுதான்.

ஆதாரம் எவ்வளவு உறுதியானது? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2013-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 20 ஆய்வுகளை, 873 பேரை எடுத்துக்கொண்டது. தழும்பின் தடிப்பும் நிறமும் குறைவதாகத் தெரிந்தாலும், ஆய்வுகளின் தரம் மோசம், ஒருபக்கச் சாய்வுக்கு இடமுண்டு என்றே முடித்தது. இதை வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியும் இதை முதலில் வைக்கக் காரணம், செல் அளவிலான விளக்கம் பொருந்துகிறது, தீங்கு குறைவு, இதைவிடச் சிறந்த ஆதாரமுள்ள பொருள் வீட்டில் பயன்படுத்தக்கூடியவற்றுள் இல்லை.

பயன்படுத்தும் முறையில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

தொடங்கும் நேரம்: தையல் பிரித்து, பொருக்கு முழுவதும் தானாக உதிர்ந்து, எந்த இடத்திலும் கசிவு இல்லை என்ற நிலை வந்த பிறகு. பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு முதல் மூன்று வாரம். திறந்த புண்ணில் ஷீட் ஒட்டக் கூடாது.

வெட்டும் அளவு: தழும்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1 செ.மீ. கூடுதலாக. 10 செ.மீ. நீளமுள்ள கோடு போன்ற சிசேரியன் தழும்புக்கு 12 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம் உள்ள பட்டை போதும். சிகா-கேர் போன்ற ஷீட்கள் 12-க்கு 15 செ.மீ. அளவில் வருகின்றன, ஒரு ஷீட்டில் ஐந்து பட்டைகள் வெட்டலாம். நன்றாகக் கழுவிப் பராமரித்தால் ஒரு பட்டை அதிகபட்சம் நான்கு வாரம் உழைக்கும். நம் ஊர் வியர்வைக்கு இரண்டு, மூன்று வாரத்தில் ஒட்டும் தன்மை போய்விடும் என்றே கணக்கு வையுங்கள். அப்படிப் பார்த்தாலும் ஒரே ஷீட்டில் பத்து வாரத்துக்குக் குறையாமல் ஓட்டலாம். முழு ஷீட்டையும் வயிற்றில் ஒட்டிக்கொண்டு மாதம் ஒன்று வாங்குவது வீண் செலவு. மூலைகளைக் கத்தரியால் வட்டமாக நறுக்கிவிடுங்கள். கூர்மூலைதான் துணியில் மாட்டி முதலில் பெயரும்.

நேரம்: முதல் இரண்டு நாள் 4 மணி நேரம் மட்டும். அடுத்த இரண்டு நாள் 8 மணி நேரம். பிறகு தினமும் 2 மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். இலக்கு நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் குளிக்கும் நேரம் தவிர முழுநாளும். குறைந்தது இரண்டு முதல் மூன்று மாதம். அதன் பின்னும் தழும்பு சிவந்தோ மேடாகவோ இருந்தால் ஆறு மாதம் வரை தொடரலாம். இரவு மட்டும் ஆறு மணி நேரம் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதும் விமர்சனங்கள் நிறைய உண்டு. கெரட்டினோசைட் மீதி 18 மணி நேரம் வறட்சிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும்போது ஷீட் என்ன செய்யும்?

கழுவுதல்: காலை, மாலை இரண்டு வேளையும் ஷீட்டையும் தோலையும் தனித்தனியாகக் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான நீர், வாசனையில்லாத மென்மையான சோப்பு. விரல் நுனியால் ஒட்டும் பக்கத்தை லேசாகத் தேய்த்தால் படிந்திருக்கும் செத்த தோல் துகள்கள் உருண்டு வரும். துண்டால் துடைக்கக் கூடாது. பஞ்சுத் துகள் ஒட்டி அத்துடன் பட்டையின் கதை முடியும். ஒட்டும் பக்கம் மேலே இருக்கும்படி அதன் பிளாஸ்டிக் தாளில் வைத்துக் காற்றாட விடுங்கள். தோல் முழுதாக உலர்ந்த பிறகே மறுபடி ஒட்ட வேண்டும். அடியில் எண்ணெய், பவுடர், மாய்ஸ்சரைசர், ஆயின்ட்மென்ட் எதுவும் இருக்கக் கூடாது.

எது கெடுகிறது? சித்திரை, வைகாசி வெயிலில் வேர்க்குருதான் முதல் எதிரி. வியர்வைக் குழாய் அடைபட்டுச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வந்தால் ஷீட்டை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் தோலைக் காற்றாட விடுங்கள். மீண்டும் தொடங்கும்போது 4 மணி நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள். தோல் வெள்ளையாக ஊறிச் சுருங்கியிருந்தால் கழுவிய பின் சரியாக உலரவிடவில்லை என்று பொருள். பட்டையின் வடிவத்திலேயே கட்டம்போட்ட சிவப்பு, கொப்புளம், கடும் அரிப்பு வந்தால் அது ஒட்டுப்பசைக்கான ஒவ்வாமையாக இருக்கலாம். அந்தப் பிராண்டைத் தொடர வேண்டாம்.

இணையத்தில் சிலிகான் என்று விற்கப்படும் சில மலிவு ஷீட்களில் ஒட்டும் பக்கம் அக்ரிலிக் பசையாக இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு மூலையைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். சிலிகான் ஜெல் என்றால் உலர்ந்ததும் ஒட்டும் தன்மை திரும்பி வரும். அக்ரிலிக் என்றால் திரும்பாது. முதல் கழுவலிலேயே செத்துப்போகும் ஷீட்டை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்ட முடியாது, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சிலிகான் ஜெல்

டெர்மாட்டிக்ஸ், கெலோ-கோட் போன்றவை இந்த வகை. ஷீட் செய்யும் அதே வேலையை ஒரு மெல்லிய படலம் செய்கிறது. ஷீட் அளவுக்கு இழுவிசையைத் தாங்காது. ஆனால் முகத்தில், காதின் பின்னால், முட்டியில், கழுத்து மடிப்பில் ஷீட் ஒரு மணி நேரம்கூட நிற்காது. அங்கே ஜெல்தான் பொருத்தம். நாள் முழுதும் உண்மையில் இருக்கும் ஜெல், பாதி நேரம் தொங்கிக்கொண்டிருக்கும் ஷீட்டைவிட மேல்.

அளவில்தான் தவறு நடக்கிறது. பட்டாணி அளவு எடுத்துத் தேய்க்கிறார்கள், 10 செ.மீ. தழும்புக்கு அது மிகவும் அதிகம். தழும்பின் மேல் கண்ணாடிபோல ஒரு மெல்லிய பூச்சு போதும். இந்த நீளத்துக்கு நாளுக்கு இரண்டு வேளை போட்டால் 15 கிராம் ட்யூப் ஏறத்தாழ மூன்று மாதம் வரும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் கனமாகப் பூசுகிறீர்கள். கனமான பூச்சு காயாது, சட்டையில் ஒட்டும், சட்டையோடு போய்விடும். நான்கைந்து நிமிடத்தில் காயவில்லை என்றால் மிஞ்சியதை மெல்லத் துடைத்தெடுங்கள். காய்ந்ததும் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. காய்ந்த பிறகு மேலே சன்ஸ்க்ரீன் போடலாம், மேக்கப்பும் போடலாம். மசாஜ் செய்வதென்றால் ஜெல் போடுவதற்கு முன்பே செய்து, கழுவி, உலர்த்திவிடுங்கள். ஜெல்லை வைத்து அழுத்தித் தேய்த்தால் படலமே உருவாகாது.

குளித்த பின், முகம் கழுவிய பின், வியர்வை துடைத்த பின் மறுபடி போட வேண்டும். 'காலை, இரவு' என்று அட்டையில் இருப்பது குளிர்சாதன அறையில் இருப்பவருக்குச் சரி. வெயிலில் அலைபவருக்கு மதியம் ஒரு முறையும் தேவைப்படும்.

வாங்கும் முன் பின்பக்கத்து உட்பொருள் வரிசையைப் படியுங்கள். பாலிசிலாக்சேன், டைமெத்திகோன், சிலிகான் டையாக்சைடு போன்றவை முதலில் வர வேண்டும். முதல் பெயர் தண்ணீராக இருந்தால் அது சிலிகான் சேர்த்த க்ரீம்; காய்ந்ததும் தொடர்ச்சியான படலம் நிற்பது சந்தேகம். கையின் பின்புறத்தில் ஒரு சொட்டு பூசிக் காயவிட்டு நீர்த்துளி விடுங்கள். துளி உருண்டு நின்றால் படலம் இருக்கிறது. டெர்மாட்டிக்ஸ் அல்ட்ராவில் வைட்டமின் சி எஸ்டரும் இருக்கிறது. நிறத்துக்கு ஏதோ கொஞ்சம் உதவலாம். அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. வேலையைச் செய்வது மூடுபடலம்.

இன்னொன்று. தழும்பு கறுத்திருப்பது வேறு, தடித்திருப்பது வேறு. கருமைக்கு சிலிகான் பெரிய தீர்வில்லை. நம் நிறத் தோலில் புதுத் தழும்பு வெயில் பட்டால் சீக்கிரம் கறுக்கும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீனோ துணி மறைப்போதான் அதற்கு வழி. குழி விழுந்த பருத் தழும்பு, பிரசவ வரிகள் ஆகியவற்றுக்கு சிலிகானை வாங்கி ஏமாற வேண்டாம். அங்கே கொலாஜன் மிகுதி பிரச்சினையே இல்லை.

பேப்பர் டேப்

மருத்துவமனையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை ஒட்ட எடுக்கும் மைக்ரோபோர் டேப்தான். தழும்புப் பொருள் என்று யாரும் இதை அலமாரியில் வைப்பதில்லை, விளம்பரமும் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் சிசேரியன் செய்த 70 பெண்களிடம் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், 12 வாரம் டேப் ஒட்டியவர்களின் தழும்பு ஒட்டாதவர்களுடையதைவிடக் கன அளவில் குறைவாக இருந்தது. தடித்த தழும்பு வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைந்தது. மேலே சொன்ன யாப், இழுவிசை கதைக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது: டேப் தழும்பின் இரு கரையையும் நிறுத்திப் பிடிக்கிறது, ஃபைப்ரோபிளாஸ்ட் இழுபடுவது குறைகிறது.

அரை அங்குல அல்லது ஒரு அங்குல டேப்பைத் தழும்பின் நீளவாக்கில் நேராக அதன் மேலேயே ஒட்டுங்கள். டேப்பை இழுத்து விறைப்பாக ஒட்டாதீர்கள். இழுத்து ஒட்டினால் இரு முனையிலும் கொப்புளம் வரும். குளிக்கும்போது நனையட்டும், துண்டால் ஒற்றி எடுங்கள். சில நாளில் ஓரம் சுருளும்போது மாற்றினால் போதும். தினமும் பிய்த்து மாற்றினால் புதுத் தோலின் மேலடுக்கு டேப்போடு வந்துவிடும். நல்லதுக்கு ஒட்டியதே கெடுதலாகும். எடுக்கும்போது நன்றாக நனைத்து, தழும்பின் திசையிலேயே, தோலோடு ஒட்டினாற்போல் மடித்துப் பெயர்க்க வேண்டும். செங்குத்தாகத் தூக்கக் கூடாது.

நெஞ்சு, தோள்பட்டை, அடிவயிறு ஆகிய இழுபடும் இடங்களில் டேப்புக்கு மதிப்பு அதிகம். உச்சந்தலை, இமை போன்ற இடங்களில் தேவையே இல்லை. ஷீட் வாங்க முடியாதவர் 'நமக்கு வழியில்லை' என்று நினைக்க வேண்டாம். இந்த ஒரு சுருளை ஒழுங்காக மூன்று மாதம் ஒட்டினாலே போதுமான பலன் கிடைக்கும்.

வெங்காய ஜெல், வைட்டமின் ஈ

கான்ட்ராக்டுபெக்ஸில் வெங்காயச் சாறு, ஹெப்பாரின், அலன்டாயின் மூன்றும் உண்டு. மெடெர்மா ஜெல்லின் ஆதாரம் வெங்காயச் சாறு. ஆய்வுக்கூடத் தட்டில் வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டின் என்ற பொருள் ஃபைப்ரோபிளாஸ்ட்களை மட்டுப்படுத்துகிறது, கொலாஜனை உடைக்கும் எம்எம்பி-1 மரபணுவைத் தூண்டுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மனிதத் தழும்பில் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியுடன் ஒப்பிட்ட சோதனைகளில், 2006-ல் வந்தது உட்பட, வித்தியாசம் தெரியவில்லை. தட்டில் செல்லின் மேல் நேரடியாக ஊற்றுவது ஒன்று, மேல்தோலைத் தாண்டி உள்தோலுக்குள் போதுமான அளவு போய்ச்சேர்வது இன்னொன்று. தினமும் ஜெல்லைத் தேய்க்கும் மசாஜும் அதன் ஈரப்பதமும்தான் பலன் என்றால், அதைச் சாதாரண வாசலினே கொடுக்கும்.

வைட்டமின் ஈ காப்ஸ்யூலைக் குத்தித் தழும்பில் தடவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மயாமியில் நடந்து 1999-ல் வெளியான சிறிய, ஆனால் நன்றாக வடிவமைத்த சோதனை ஒன்று உண்டு. 15 பேர், ஒவ்வொருவரின் தழும்பின் ஒரு பாதியில் வைட்டமின் ஈ கலந்த களிம்பு, மறு பாதியில் அதே களிம்பு வைட்டமின் ஈ இல்லாமல். 90 சதவீதப் பேருக்கு வைட்டமின் ஈ பக்கம் எந்தப் பலனும் இல்லை அல்லது தழும்பு இன்னும் மோசமானது. மூன்றில் ஒருவருக்குத் தொடுதோல் ஒவ்வாமை வந்தது. ஒவ்வாமை என்றால் அழற்சி. அழற்சி என்றால் அடங்கிக்கொண்டிருந்த ஃபைப்ரோபிளாஸ்டை மறுபடி எழுப்புவது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தேங்காய் எண்ணெய் மசாஜுக்கு நல்ல வழுக்கல் கொடுக்கும், தீங்கில்லை. ஷீட் ஒட்டும் முன் சோப்பால் சுத்தமாகக் கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு க்ரீம்களைத் தழும்பில் தடவாதீர்கள். தழும்பைச் சுற்றியுள்ள நல்ல தோல் மெலிந்து, வெளுத்து, ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பிக்கும்.

'ஜீன்', 'குரோத் ஃபேக்டர்' என்று அட்டையில் போட்டிருந்தால்

மரபணுச் செய்தியை மாற்றித் தழும்பைத் தடுக்கும் முயற்சி ஏற்கெனவே பெரிய அளவில் நடந்து தோற்றது. கருவின் தோலில் டிஜிஎஃப்-பீட்டா3 அதிகம், பீட்டா1 குறைவு என்ற கண்டுபிடிப்பை வைத்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த ரெனோவோ நிறுவனம் ஜுவிஸ்டா என்ற பீட்டா3 ஊசி மருந்தை (மருந்துப் பெயர் அவோடெர்மின்) உருவாக்கியது. தொடக்கச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. 2011-ல் மூன்றாம் கட்டச் சோதனையில் மருந்து தோற்றது. நேரடியாகக் காயக்கரையில் ஊசியாகப் போட்ட சுத்தமான புரதத்துக்கே இந்த நிலை. மூடிய தோலின் மேல் தடவும் சீரத்தில் ஏதோ ஒரு குரோத் ஃபேக்டர் இருக்கிறது என்பதால் தழும்பு மாறும் என்று நம்ப ஆதாரம் வேண்டும். அட்டைகள் அதைத் தருவதில்லை.

உண்மையான குரோத் ஃபேக்டர் மருந்துகளும் இருக்கின்றன, அவற்றின் இடம் வேறு. பெகாப்ளெர்மின் ஜெல்லை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-ல் சர்க்கரை நோயாளிகளின் ஆறாத காற்புண்ணுக்கு அனுமதித்தது. பாரத் பயோடெக்கின் ரீஜென்-டி ஜெல்லில் இஜிஎஃப் என்ற குரோத் ஃபேக்டர் இருக்கிறது. அதுவும் சர்க்கரைப் புண் போன்ற திறந்த புண்ணுக்குத்தான். இவை திறந்த புண்ணை மூட வைப்பவை. ஆறிய தழும்பில் தடவ வாங்குவது பணத்தையும் மருந்தையும் வீணாக்குவது.

மரபணுவையே ஏந்திச் செல்லும் ஜெல் ஒன்றும் வந்துவிட்டது: வைஜுவெக். கோல்7ஏ1 மரபணு பழுதாகி, தோல் தொட்டாலே கொப்புளமாகிப் பிய்யும் டிஸ்ட்ரோஃபிக் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா நோயாளிகளுக்காக 2023 மே மாதம் எஃப்டிஏ அனுமதித்தது. மாற்றியமைத்த ஹெர்ப்பிஸ் வைரஸ் அந்த மரபணுவின் நல்ல பிரதியைச் செல்லுக்குள் கொண்டுபோகிறது. வாரம் ஒரு முறை, திறந்த புண்ணின் மேல் சொட்டுச் சொட்டாக வைக்க வேண்டும். 31 நோயாளிகளின் சோதனையில் ஆறு மாத முடிவில் மருந்து வைத்த புண்களில் 67 சதவீதம் முழுதாக மூடின. வெறும் ஜெல் வைத்தவற்றில் 22 சதவீதம். மரபணு ஜெல் என்று உரிமையோடு சொல்லத் தகுந்தது இதுதான். அதுவும் ஒரே ஒரு மரபணுக் கோளாறுக்கு, திறந்த புண்ணில், மருத்துவரின் சீட்டோடு.

கெலாய்டு என்றால்

காது குத்திய இடத்தில் உருண்டையாக வளர்வது, நெஞ்சில் ஒரு பருவிலிருந்து நண்டுக்கால்போல் பக்கவாட்டில் பரவுவது, பிசிஜி ஊசி போட்ட தோளில் வருடக்கணக்கில் பெருப்பது: இவை காயத்தின் எல்லையைத் தாண்டிய கெலாய்டுகள். கறுத்த தோலில் அதிகம், குடும்பத்திலும் ஓடும். ஜப்பானியரிடம் நடந்து 2010-ல் வெளியான மரபணு ஆய்வு என்இடிடி4 மரபணு இருக்கும் பகுதி உட்படச் சில இடங்களை இதனுடன் இணைத்தது. வீட்டில் யாருக்காவது கெலாய்டு இருந்தால், எந்த அறுவைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தையல் பிரித்ததிலிருந்தே தடுப்பைத் தொடங்கலாம்.

வந்துவிட்ட கெலாய்டுக்கு ஷீட் துணைதான். முதன்மைச் சிகிச்சை கட்டிக்குள்ளேயே போடும் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. ஒரு மில்லி லிட்டருக்கு 10 முதல் 40 மில்லி கிராம் செறிவில், மூன்று முதல் ஆறு வார இடைவெளியில் பல முறை. தேவைப்பட்டால் செல் பெருக்கத்தை அடக்கும் 5-ஃப்ளூரோயுராசில் மருந்தையும் சேர்ப்பார்கள். வெறுமனே வெட்டி எடுத்தால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்பி வரும், பல நேரம் முன்பைவிடப் பெரிதாக. "சின்னதுதானே, வெட்டிட்டாப் போச்சு" என்று யார் சொன்னாலும், வெட்டிய பின் ஊசியா, கதிர்வீச்சா, காதுக்கு அழுத்தத் தோடா, எதைத் தொடர்ந்து செய்யப்போகிறார்கள் என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.